ஐம்பதாவது அடுப்பு

எங்கள் சிற்றூர் கமீஷ்னியில் அந்தக் குளிர்காலம் நாற்பத்தொன்பது அடுப்புகள் இருந்தன, அடுப்புக்கு ஒரு குடும்பம். அந்த எண் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் ஐம்பதாவது அடுப்பு எனக்கு வேண்டும் என்று எட்டு வருஷமாக நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன்.

சக்கரவர்த்தியின் குதிரைப்படைக்கு ஆள் தருகிற கொசாக்குகள் நாங்கள், என் மாமனார் ஹர்லாம்பிதான் எங்கள் சிற்றூருக்கு அட்டமான். அட்டமான் என்றால் ஊர்த்தலைவர். வழக்குக்கு நியாயம் சொல்வது, பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவது, நிலப் பங்குக்குச் சீட்டுக் குலுக்குவது எல்லாம் அவர்தான். வெள்ளிக் குமிழ் வைத்த கோல் ஒன்று அவரிடம் உண்டு. சாப்பிடும்போதுகூட அதை மடியில் வைத்துக்கொள்வார். யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

வீட்டில் மாமனார், மாமியார் ஸ்தெபனீதா, மூத்த மகன் சாவா, சாவாவின் பெண்டாட்டி கிளாஃபிரா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், என் வீட்டுக்காரர் லுக்யான், அப்புறம் நான். ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பு, அடுப்புக்கு முன்னால் மூன்று பெண்கள். நான் சூப்பில் உப்புப் போடுவேன். நான் திரும்பியதும் மாமியார் போடுவார். அவர் திரும்பியதும் கிளாஃபிரா போடுவாள். ஆண்கள் மீன் சூப்பைக் குடித்துவிட்டு நேரே தண்ணீர்ப் பானைக்கு ஓடுவார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள், எங்கள் வீட்டில் மூன்று இருந்தன.

தனிக்குடித்தனம் போவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. அப்பன் வாய்திறந்து "போ" என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஊர்க்கூட்டம் கூடிச் சரி என்று தீர்மானம் எழுதி முத்திரை குத்த வேண்டும். மாமனார் வாய்திறந்தால் ஒரே பதில்தான்.

"விரலு பிரிஞ்சா வாளை எப்புடிடா புடிப்ப?"

என் வீட்டுக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வார். நான்கு வருஷம் போலந்து எல்லையில் குதிரைப்படையில் இருந்தவர், ஓநாயை வெறும் சாட்டையால் அடித்துக் கொன்றவர், அப்பாவைக் கண்டால் மட்டும் ஆட்டுக்குட்டி.

சக்கரவர்த்தி முடிசூடிய வருஷத்துக்கு அடுத்த ஜனவரி அது. ராஜ்ஜியம் முழுக்கத் தலை எண்ணப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதோடு எங்கள் ஜில்லாக் கச்சேரி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தது. எங்கள் ஊர் எழுத்தர் ஸினோவி ஒரு காலைநேரம் மூக்குச் சிவக்க வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்த உத்தரவை வாசித்தார்.

"ஐம்பது கொசாக் அடுப்புக்குக் குறைஞ்ச சிற்றூருக்கு இனிமே தனி அட்டமான் கிடையாது. பக்கத்துச் சிற்றூரோட சேத்துருவாங்க. எண்ணுற ஆபீசர் சனிக்கிழமை வர்றாரு."

மாமனார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பக்கத்துச் சிற்றூர் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொரேலி. அங்கே அட்டமான் நிக்கானோர். இருபது வருஷத்துக்கு முன்னால், நோன்புக்கு முந்தின அப்பத் திருவிழாவில், குதிரைப் பந்தயத்தில் மாமனார் பனிச்சேற்றில் விழுந்தபோது தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுச் சிரித்தவர் அந்த நிக்கானோர்தான். அந்த ஆளுக்குக் கீழே போவதைவிட மாமனார் இன்னொரு தரம் சேற்றில் விழுவார், வேண்டுமானால் தினமும்.

"நம்மகிட்ட எத்தனை?" என்றார்.

"நாப்பத்தொம்பது."

"நல்லா எண்ணுய்யா."

"மூணு தரம் எண்ணிட்டேன் அட்டமான்."

"கொல்லன் வீடு?"

"அவன் வெளியூரான். வெளியூரான் அடுப்பு புகைஞ்சாலும் கணக்குல வராது."

"அவனைச் சனிக்கிழமைக்குள்ள கொசாக் ஆக்கிற முடியாதா?"

"ஆக்கலாம். சக்கரவர்த்தி வந்து கையெழுத்துப் போட்டா."

மாமனார் மீசையைக் கடித்தார். வீடு முழுக்கக் கண்ணை ஓட்டினார். கண் ஜன்னலைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. அங்கே எங்கள் கோடைச் சமையல்கட்டு இருந்தது. வெயில் காலத்தில் வீடு சூடாகக்கூடாது என்று வெளியே தனியாகக் கட்டி வைத்திருக்கிற சின்ன மண் கட்டடம். அதற்கும் ஓர் அடுப்பு உண்டு, ஒரு புகைபோக்கி உண்டு. புகைபோக்கிமேல் பனி ஒரு குல்லாய் உயரம் உட்கார்ந்திருந்தது.

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. மாமனார் வாயிலிருந்து எட்டு வருஷமாக வராத வார்த்தை வந்தது.

"லுக்யான், நீ தனிக்குடித்தனம் போற."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றே விட்டார்.

"ரெண்டு நாளைக்கு," என்றார் மாமனார். "ஆபீசர் வந்து எழுதிட்டுப் போற வரைக்கும். அப்புறம் மூட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள வந்துரணும். என்ன?"

என் மனசு மேலே போய்த் தொப்பென்று விழுந்தது. ஆனால் முழுக்க விழவில்லை. ஒரு காலை உள்ளே வைக்க வழி கிடைத்தால் மறு காலை எப்படி வைப்பது என்று பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாளே ஊர்க்கூட்டம் கூடியது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். "லுக்யான், ஹர்லாம்பி மகன், தகப்பனின் சம்மதத்தோடு தனி வீட்டுக்காரன் ஆனான்" என்று ஸினோவி அழகாக எழுதி முத்திரை குத்தினார். மாமனார் கோலைத் தரையில் தட்டினார். தீர்ந்தது. பொய்த் தீர்மானமானாலும் முத்திரை நிஜம்.

இனி அடுப்பு மூட்ட வேண்டும். நான் தீப்பெட்டியை எடுத்தேன். மாமியார் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார்.

"புது அடுப்பைத் தீக்குச்சியிலயா பத்தவைப்பாங்க? உங்கம்மா உன்னைக் காட்டுல வளத்தாளா?"

சொல்லிவிட்டுத் தலையில் புதுத்துணி கட்டினார். எங்கள் அடுப்பிலிருந்து தணலை அள்ளி ஒரு புதுச்சட்டியில் போட்டார். வெள்ளைத் துணியால் மூடினார். முற்றத்தின் நடுவில் தெருவே பார்க்கும்படி நின்று, உரக்கச் சொன்னார்: "அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற தாத்தா, புது வீட்டுக்கு வாங்க! சின்னப் பிள்ளைங்க கூடப் போய் இருங்க!"

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டு அடுப்புக்குப் பின்னாலும் ஒரு தாத்தா குடியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது. வீட்டைக் காப்பது அவர்தான், மாட்டின் வாலைச் சிக்காக்குவதும் அவர்தான். நிஜமாகப் பிரிந்து போகிறவர்களுக்குத்தான் அவரைப் பங்குபோட்டு அனுப்புவார்கள். வேலியோரம் நின்ற பெண்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பு சமாசாரம் எந்த ஆணுக்குப் புரிந்திருக்கிறது?

"ரெண்டு நாள் கூத்துக்கு இவ்வளவு எதுக்குடி?"

"புகை வேணுமா வேண்டாமா? உங்க மீசையிலேர்ந்தா வரும்?" என்றார் மாமியார்.

சட்டியை என் கையில் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை. "உப்பை இனிமே நீயே போட்டுக்க. நான் நிம்மதியா இருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாமனார் எங்கள் 'வீட்டை'ப் பார்வையிட வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குதிரைக் கொட்டடியைச் சோதிக்கிற தளபதி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது வீடு மாதிரியா இருக்கு? கோழிக்கூண்டு மாதிரி இருக்கு. ஆபீசர் என்ன குருடனா?"

"ஒரு மேசை இருந்தா நல்லா இருக்கும் மாமா," என்றேன் நான்.

மேசை வந்தது.

"சாமி படம் இல்லாத வீட்டை எந்த ஆபீசர் நம்புவாரு?"

சாமி படம் வந்தது. இறகு மெத்தை வந்தது. சமோவார் வந்தது. அது மாமனாரே பட்டாளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற செம்புப் பாத்திரம். அதைக் கொண்டுவந்து வைக்கும்போது மட்டும் ஒரு தடவை தடவிப்பார்த்தார். நான் தலைத்துணி ஓரத்தை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டேன்.

"மாமா, தனி வீட்டுக்காரன்னு சொல்றோம். ஒரு மாடு இல்லாம எப்படி?"

மாமனார் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. செவலைப் பசுவை அவிழ்த்துவந்து எங்கள் சுவரோரம் கொட்டகையில் கட்டினார். கூட இரண்டு ஆடுகளும் தந்தார், பசுவுக்குத் துணைக்கு.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடிப்பாவி," என்றார் மெதுவாக.

"நான் என்ன பண்ணேன்? ஆபீசருக்காகத்தானே?"

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாரு."

"ரெண்டு நாளாச்சும் தனியா வாழ்ந்துட்டுச் சாவுங்க."

அன்றே காற்று எழுந்தது. எங்கள் புல்வெளியில் பனிக்காற்று எழுந்தால் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் நான்கானது, நான்கு ஒன்பதானது. ஆபீசர் வரவில்லை. கோடைக்குக் கட்டின சுவர் வழியாகப் பனி மாவு மாதிரி உள்ளே வந்தது. நாங்கள் சாணியும் வைக்கோலும் குழைத்து ஓட்டைகளை அடைத்தோம். வறட்டி போட்டு இரவும் பகலும் அடுப்பை எரித்தோம். முதல் நாள் வாளித் தண்ணீர் உறைந்தது. மூன்றாம் நாள் உறையவில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் யாரும் கேட்காமல் ஒரு அலமாரி அடித்து மாட்டினார். நான் மீன் சூப் வைத்து, என் கையால் ஒரே ஒரு தடவை உப்புப் போட்டேன். அவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நல்லா இல்லையா?"

"தாகமே எடுக்கல," என்றார் ஆச்சரியமாக.

பெரிய வீட்டிலிருந்து மாமனார் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். உள்ளே வந்து சாப்பிடுங்கள், குளிரில் செத்துவிடாதீர்கள் என்று. நானும் ஒரே பதில் சொல்லி அனுப்பினேன்: "நாங்க அங்க வந்த நேரம் பாத்து ஆபீசர் வந்து, அடுப்பு அணைஞ்சு கெடந்தா?" அப்புறம் அவர் கூப்பிடவில்லை. தானே ஒரு மூட்டை வறட்டி கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் வானம் வெளுத்தது. கொரேலிப் பக்கமிருந்து ஒரு சறுக்குவண்டி வந்தது. அதிலிருந்து ஆட்டுத்தோலில் சுற்றின ஒரு மெலிந்த மனுஷன் இறங்கினார். அவர்தான் ஆபீசர். ஜில்லாத் தலைநகரில் பள்ளிக்கூட வாத்தியாராம், பெயர் வெனியமின். மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து எதுவும் தெரியாமல் முதலில் எங்கள் குதிரைக்குத்தான் வணக்கம் சொன்னார்.

பெரிய வீட்டில்தான் எண்ணிக்கை ஆரம்பித்தது. நாங்களும் போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டோம்.

"வீட்ல மொத்தம் எத்தனை பேர்?" என்றார் வாத்தியார்.

"நாலு பேர்," என்றார் மாமனார், நெஞ்சை நிமிர்த்தி.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தலைகளை எண்ணினார். "ஏழு தெரியுதே?"

"அது பொம்பளைங்க."

"பொம்பளைங்களையும் எழுதணும்."

"எதுக்கு? நிலப்பங்கா குடுக்கப் போறீங்க?"

"இல்ல. சும்மா எண்ணிக்கைக்கு."

"நிலம் இல்லாதவங்களை எண்ணி என்ன புண்ணியம்? அப்போ குதிரையை எழுதுங்க. அது நாளைக்குப் பட்டாளத்துக்குப் போற குதிரை."

"குதிரைக்கு இதுல இடமில்ல ஐயா."

"பொம்பளைக்கு இடமிருக்கு, குதிரைக்கு இல்லையா? என்ன உத்தரவு இது!"

மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். "எழுதிக்கங்க தம்பி. ஸ்தெபனீதா. வயசு அம்பத்தெட்டு. தொழில், இந்த மனுஷனைச் சகிச்சுக்கிறது."

வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தார். குனிந்துதான் உள்ளே வர முடியும். மேசை, மெத்தை, சாமி படம், சமோவார் எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். மாமனார் பின்னாலேயே வந்து நின்றார். மாமியாரும் வந்தார். எழுத்தர் ஸினோவி தீர்மானத்தைச் சுருளாகக் கையில் வைத்திருந்தார்.

"குடும்பத் தலைவர் யாரு?"

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் அப்பாவைப் பார்த்தார். நான் பின்னாலிருந்து ஒரு குத்து விட்டேன்.

"நான்தான்," என்றார் அவர். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு தடவை, "நான்தான்" என்றார். இரண்டாம் தடவை நன்றாக இருந்தது.

வாத்தியார் எழுதவில்லை. பேனாவை மைக்கூட்டில் வைத்தார். "அட்டமான், நான் நேத்து கொரேலியில தங்கினேன். அங்க நிக்கானோர் அப்பம் போட்டாரு. நல்ல அப்பம். அப்பத்தோட ஒரு சேதியும் சொன்னாரு. உங்க ஊர்ல ஒரு அடுப்பு, ஆபீசருக்காக மூட்டின அடுப்பாம். நான் போனதும் அணைஞ்சுருமாம்."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒன்பது நாள். என் அலமாரி. என் சூப்.

"தீர்மானம் இருக்கு," என்றார் ஸினோவி.

"தீர்மானம் இருக்கு. ஆனா நான் 'சந்தேகம்'னு ஓரத்துல எழுதிட்டா, ஜில்லாவுலேர்ந்து ஆள் வந்து விசாரிப்பாங்க. எனக்கு வேற வழியில்ல."

மாமனார் முகம் பீட்ரூட் கிழங்கானது. அவருக்கு உத்தரவுகூடப் பெரிசில்லை, நிக்கானோர் பேர்தான் அவரைச் சுட்டது.

"அந்த அப்பக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு கொசாக்கோட வார்த்தையைச் சந்தேகப்படுறீங்களா? ஹர்லாம்பி பொய் சொல்லுவானா? சிலுவையை முத்தமிட்டுச் சொல்றேன்யா!"

கோபத்தில் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கழுத்துச் சிலுவையை வெளியே இழுத்தும் விட்டார்.

"அப்படின்னா சரி," என்றார் வாத்தியார் மரியாதையாக. "அது போதும் எனக்கு. சொல்லுங்க."

சமோவார் முனகியது. மாமனார் சிலுவையை உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். கச்சேரியை ஏமாற்றுவது வேறு. அதை எல்லோரும் செய்கிறோம், கச்சேரியும் நம்மை ஏமாற்றுகிறது. சிலுவையை முத்தமிட்டுப் பொய் சொல்வது வேறு. எங்கள் கமீஷ்னியில் அதைச் செய்த ஒரே ஆள் அந்த வருஷமே இடி விழுந்து செத்தான். உண்மையைச் சொன்னால் வெள்ளிக் குமிழ் கோல் ஆற்றைத் தாண்டி நிக்கானோர் மடிக்குப் போகும். முத்தமிட்டால் அந்தப் பொய்ப் பிரிவினை நிஜமாகிவிட வேண்டும்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தவில்லை. என்னைப் பார்த்தார். நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன், ஒரு துண்டு கட்டையாகவும் ஒரு துண்டு காகிதமாகவும் வந்தது. கடைசியில் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"மாடும்... சேத்தா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

வாத்தியார் குழம்பிப்போனார். "மாடு இவங்களோடதில்லையா?"

மாமியார் மாமனாரின் முழங்கையைத் தட்டினார். "சீக்கிரம் முத்தம் குடுங்க. இந்தக் குளிர்ல சிலுவை உதட்டுல ஒட்டிக்கப் போகுது."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "என் மகன் லுக்யான் பிரிஞ்சுட்டான். அவன் அடுப்பு அவனுக்கு. இந்த வீட்ல இருக்கிறது அவனோடது." பிறகு வாய் கோணிக்கொண்டு, "மாட்டோட," என்று சேர்த்தார். முத்தமிட்டார்.

வாத்தியார் 'ஐம்பது' என்று எழுதினார். மையை ஊதிக் காயவைத்தார். எனக்கு அந்த ஊதல் சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது.

ரொட்டியும் பாலாடையும் சாப்பிட்டுவிட்டு அவர் வண்டி ஏறிப் போனார். மாமனார் மட்டும் எங்கள் வீட்டில் உட்கார்ந்தே இருந்தார். சமோவாரைப் பார்த்தார்.

"இதாச்சும்..."

"சத்தியம் பண்ணும்போது உள்ளதான் இருந்துச்சு மாமா," என்றேன்.

"தெரியும், தெரியும். நான் சும்மா பாத்தேன்." கொட்டகைப் பக்கம் திரும்பினார். "அந்த ஆடாவது..."

"அது கொட்டகையில இருந்துச்சு. நீங்க சொன்னது வீட்டுக்குள்ள இருக்கிறதை. மாட்டை மட்டும்தான் தனியா சொன்னீங்க. ஆட்டை ஓட்டிட்டுப் போங்க."

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு ஆடு மிஞ்சினதில் ராஜ்ஜியமே மிஞ்சின மாதிரி எழுந்தார். கோலைத் தரையில் ஊன்றி, அட்டமானாகவே வாசல் வரைக்கும் நடந்தார்.

வாசலில் கிளாஃபிரா வழிமறித்தாள். இடுப்பில் கடைக்குட்டி, முகத்தில் இதுவரை நான் பார்த்திராத பணிவு.

"மாமா, அம்பது சரியா அம்பதா நிக்குதே. நாளைக்கு ஒரு வீட்ல யாராவது செத்து அடுப்பு அணைஞ்சா என்ன பண்ணுவீங்க? ஒண்ணு கூட இருந்தா பத்திரம்தானே?"

"இந்த வீட்ல கோடைச் சமையல்கட்டு ஒண்ணுதான்டி இருக்கு!" என்று மாமனார் கத்தினார்.

"அதுக்கென்ன மாமா, தானியக் கொட்டகை சும்மாதானே கெடக்கு," என்றாள் அவள். "ஒரு புகைபோக்கி வெச்சாப் போதும்."

எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற மருமகள்கள் எல்லாரும் அதைக் கேட்டுவிட்டார்கள். ஈஸ்டருக்குள் கமீஷ்னியில் அறுபத்து மூன்று அடுப்புகள்.